ஓடுவது வேறு, பிழையில்லாமல் ஓடுவது வேறு: ஓவர்கிளாக்கிங்கின் வரலாறு

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் நிறுவனம் இரண்டு செயலிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒன்று பென்டியம் 2, வேகம் 450 மெகாஹெர்ட்ஸ், மொத்த விலை 669 டாலர். மற்றொன்று செலரான் 300ஏ, வேகம் 300 மெகாஹெர்ட்ஸ், விலை 149 டாலர். முன்னது பணம் உள்ளவர்களுக்கு, பின்னது சிக்கனம் பார்ப்பவர்களுக்கு என்பது நிறுவனத்தின் கணக்கு.

சில வாரங்களிலேயே அந்தக் கணக்கு தலைகீழானது. 149 டாலர் செயலியை வாங்கியவர்கள் மதர்போர்டில் ஒரே ஒரு அமைப்பை மாற்றி, அதையும் 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டத் தொடங்கினார்கள். பல விளையாட்டுகளில் அது 669 டாலர் செயலிக்குச் சமமாக ஓடியது. ஓவர்கிளாக்கிங் என்ற சொல் உலகம் முழுவதும் கணினி ஆர்வலர்களின் வாயில் புகுந்தது அப்போதுதான்.

ஆனால் இந்த வரலாற்றில் வேகம் பாதிக் கதைதான். வேகமாக ஓடும் கணினி சரியான விடையைத் தருகிறதா, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பது மீதிக் கதை. அந்த மீதிக் கதைதான் உலகின் மிகப்பெரிய சிப் நிறுவனத்தையே ஒருமுறை தலைகுனிய வைத்தது.

ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன?

கான்கிரீட் போடும் நாளில் சித்தாள்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மேஸ்திரி விசில் ஊத ஊத, ஒவ்வொருவரும் தன் கையிலிருக்கும் சட்டியை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசில் மெதுவாக வந்தால் எல்லாருக்கும் நேரம் இருக்கும். வேகமாக வந்தால் அதிக சட்டிகள் மேலே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் விசில் வேகமானால், வரிசையில் மிக மெதுவாக வேலை செய்பவர் கைக்குச் சட்டி வந்து சேர்வதற்குள் அடுத்த விசில் வந்துவிடும். அங்கே சட்டி கீழே விழும்.

செயலிக்குள் நடப்பதும் இதுதான். விசில் என்பது கடிகாரத் துடிப்பு. சித்தாள்கள் என்பவை டிரான்சிஸ்டர்களால் ஆன சுற்றுகள். 300 மெகாஹெர்ட்ஸ் என்றால் இரண்டு துடிப்புகளுக்கு இடையே 3.33 நானோவினாடி. 450 என்றால் 2.22 நானோவினாடி. அந்த நேரத்தில் ஒளியே சுமார் 67 சென்டிமீட்டர்தான் போக முடியும். அதற்குள் செயலியின் மிக நீளமான சுற்றுப்பாதையிலும் கூட்டலோ பெருக்கலோ முடிந்து, விடை நிலைபெற்று நிற்க வேண்டும். நிற்காவிட்டால் 1 வர வேண்டிய இடத்தில் 0 பதிவாகிவிடும். சட்டி விழுந்தால் சத்தம் கேட்கும். இங்கே சத்தமும் கேட்காது.

அப்படியானால் 300 என்று விற்றது 450-இல் ஓடியது எப்படி? தேங்காய் மண்டியில் ஒரே தோப்புக் காய்களைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று பிரிப்பதைப் போல, ஒரே தொழிற்சாலையில் தயாராகும் சிப்புகளும் சோதித்துத் தரம் பிரிக்கப்படுகின்றன. கோடைக்கால அறையில், தூசி படிந்த பெட்டிக்குள், பல ஆண்டுகள் ஓடினாலும் தவறக்கூடாது என்பதற்காக நிறுவனம் கொஞ்சம் இடைவெளி விட்டே வேகத்தை எழுதும். அதோடு தயாரிப்பு நன்றாக இருந்து உயர்தரச் சிப்புகள் அதிகம் கிடைத்துவிட்டால், குறைந்த விலைச் சந்தைக்குத் தேவையான எண்ணிக்கையை நிரப்ப நல்ல சிப்பின் மீதும் குறைந்த வேகத்தையே எழுதி விற்பார்கள். ஓவர்கிளாக்கர்கள் தேடியது இந்த இடைவெளியைத்தான்.

படிகத்தை மாற்றிய காலம்

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. இந்த விசித்திரமான எண்ணுக்குக் காரணம் தொலைக்காட்சி! அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி அலைவரிசைக்குத் தேவையான 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றைத்தான் ஐபிஎம் பொறியாளர்கள் பயன்படுத்தினார்கள். அதை மூன்றால் வகுத்தால் 4.77 வரும்.

1984-இல் ஐபிஎம் பிசி ஏடி வந்தது. அதில் 80286 செயலி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. மதர்போர்டில் இருந்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பு இரண்டால் வகுக்கப்பட்டுச் செயலிக்குப் போனது. சில பயனர்கள் அந்தப் படிகத்தைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினார்கள். சில டாலர் செலவில் கணினி 8 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவியது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம்!

ஐபிஎம் சும்மா இருக்கவில்லை. 1985-இல் வந்த புதிய பயாஸில் வேகத்தை அளந்து பார்க்கும் ஒரு சிறிய சோதனையைச் சேர்த்தது. கணினி 6 மெகாஹெர்ட்ஸைவிட வேகமாக ஓடினால் தொடக்கச் சோதனையிலேயே நின்றுவிடும். அடுத்த ஆண்டு ஐபிஎம்மே 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியை வெளியிட்டது. தயாரிப்பாளர் பூட்டுப் போடுவதும் பயனர் சாவி தேடுவதுமான விளையாட்டு இங்கேயே தொடங்கிவிட்டது.

1992-இல் இன்டெல் வெளியிட்ட 486டிஎக்ஸ்2 ஒரு புதிய வழியைக் கொண்டுவந்தது. மதர்போர்டு 33 மெகாஹெர்ட்ஸில் ஓட, செயலி மட்டும் உள்ளுக்குள் அதை இரண்டால் பெருக்கி 66-இல் ஓடியது. அன்று முதல் செயலியின் வேகம் என்பது ஒரு பெருக்கல் கணக்கு: பஸ் வேகம் பெருக்கல் பெருக்கி. பென்டியம் காலத்தில் இவை இரண்டையும் மதர்போர்டில் உள்ள ஜம்பர் என்னும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மூடிகளை இடம் மாற்றிச் செருகித் தேர்ந்தெடுக்கலாம்.

இது ஆர்வலர்களுக்கு மட்டும் வசதியாக இருக்கவில்லை, மோசடிக்காரர்களுக்கும் வசதியாகப் போனது. குறைந்த வேகச் செயலியின் மீதிருந்த எழுத்துகளைச் சுரண்டிவிட்டு அதிக வேகத்தை அச்சிட்டு, அதிக விலைக்கு விற்றார்கள். வாங்கியவருக்குத் தன் கணினி ஓவர்கிளாக் செய்யப்பட்டது என்றே தெரியாது. அடிக்கடி நின்றுபோனால் விண்டோஸைத் திட்டுவார். இந்தப் போலிகளைத் தடுப்பதற்காகவே பெருக்கியைப் பூட்டுவதாக இன்டெல் காரணம் சொன்னது. பென்டியம் 2-இன் பிற்கால வரவுகளில் பெருக்கி பூட்டப்பட்டது. ஆனால் பஸ் வேகம் பூட்டப்படவில்லை.

செலரான் 300ஏ: பொற்காலம்

செலரானின் முதல் பிறவி தோல்வி. 1998 ஏப்ரலில் வந்த செலரான் 266-இல் செலவைக் குறைக்க இரண்டாம் நிலை கேஷ் நினைவகத்தையே எடுத்துவிட்டார்கள். விமர்சகர்கள் கிழித்தெடுத்தார்கள். இன்டெல் பாடம் கற்று, நான்கே மாதத்தில் 300ஏ-வை வெளியிட்டது. இதில் 128 கிலோபைட் கேஷ் செயலியின் சிலிக்கானுக்குள்ளேயே இருந்தது, செயலியின் முழு வேகத்திலேயே ஓடியது. பென்டியம் 2-இல் 512 கிலோபைட் இருந்தாலும் அது தனிச் சிப்புகளில் இருந்தது, பாதி வேகத்தில்தான் ஓடியது. மலிவு விலைத் தம்பிக்கு அண்ணனிடம் இல்லாத ஒரு சிறப்பு தற்செயலாகக் கிடைத்துவிட்டது.

300ஏ-வின் பெருக்கி 4.5-இல் பூட்டப்பட்டிருந்தது. அதன் பஸ் வேகம் 66. இரண்டையும் பெருக்கினால் 300. அதே ஆண்டு வந்த 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட மதர்போர்டுகள் பென்டியம் 2-க்காக 100 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தையும் தந்தன. 4.5-ஐ 100-ஆல் பெருக்கினால் 450! இதில் இன்னொரு வசதியும் இருந்தது. 100 என்பது அந்தச் சிப்செட்டுக்கு முறையான வேகம் என்பதால், பிசிஐ அட்டைகள் 33-இலும் ஏஜிபி கிராஃபிக்ஸ் அட்டை 66-இலும் வழக்கம்போலவே இருந்தன. செயலியைத் தவிர வேறு எதுவும் வரம்பு மீறவில்லை.

ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 மதர்போர்டு இந்த வேலைக்குப் பெயர் பெற்றது. ஜம்பர் எதையும் தொடாமல் பயாஸ் திரையிலேயே பஸ் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்றலாம். அந்த வசதி இல்லாத மதர்போர்டு வைத்திருந்தவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். செயலி அட்டையின் பி21 என்ற ஒரு முனைதான் "நான் 66 மெகாஹெர்ட்ஸ் செயலி" என்று மதர்போர்டுக்குச் சொல்லும். அந்த ஒரு முனையின் மேல் துண்டு டேப்பை ஒட்டினார்கள், அல்லது நகப்பூச்சைத் தடவினார்கள். வாயை மூடியாயிற்று. மதர்போர்டு 100 என்று எடுத்துக்கொண்டது!

எல்லாச் சிப்பும் இணங்கிவிடவில்லை. சில 2.0 வோல்ட்டிலேயே 450-ஐத் தொட்டன. சிலவற்றுக்கு 2.2 வோல்ட் தேவைப்பட்டது. சில என்ன செய்தும் வரவில்லை. மின்னழுத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் வேகமாக மாறும், ஆனால் வெப்பமும் ஏறும். செயலி செலவழிக்கும் மின்திறன் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். 300-இலிருந்து 450-க்குப் போனால் ஒன்றரை மடங்கு. 2.0-இலிருந்து 2.2 வோல்ட்டுக்கும் ஏற்றினால் அது இன்னொரு 1.21 மடங்கு. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1.8 மடங்கு வெப்பம். பெரிய ஹீட்சிங்க், கூடுதல் விசிறி என்று ஒரு தனிச் சந்தையே உருவானது இதனால்தான்.

2000-இல் ஏஎம்டி தன் பங்குக்கு ஒரு வேடிக்கையைச் செய்தது. அதன் தண்டர்பேர்டு அத்லான், டியூரான் செயலிகளின் மேற்பரப்பில் எல்1 என்ற பெயரில் வெட்டப்பட்ட சில நுண்ணிய இணைப்புகள் வெளியே தெரிந்தன. அவைதான் பெருக்கியின் பூட்டு. சாதாரண பென்சிலால் அந்த இடைவெளிகளில் கோடு போட்டால் போதும். பென்சிலில் இருக்கும் கிராஃபைட் மின்சாரம் கடத்தும் என்பதால் இணைப்பு உயிர் பெற்று, பூட்டு திறந்துகொண்டது. பல நூறு கோடி டாலர் தொழிற்சாலையில் போட்ட பூட்டைக் கடைப் பென்சில் திறந்தது!

விடை சரியா என்று யார் பார்ப்பது?

450-இல் விண்டோஸ் திறக்கிறது, விளையாட்டு ஓடுகிறது. அதுவே போதுமா? போதாது என்பதைப் பலர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். மூன்று மணி நேரம் நன்றாக ஓடிய கணினி நான்காம் மணி நேரத்தில் நீலத் திரை காட்டி நிற்கும். அதாவது நின்றால் நல்லது. நிற்காமல் ஒரு கோப்பில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி எழுதிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தால் அதுதான் ஆபத்து.

செயலி பிழையான விடை தரக்கூடும் என்பதைப் பொதுமக்களுக்கு முதலில் காட்டியவர் ஒரு கணிதப் பேராசிரியர். 1994-இல் லிஞ்ச்பர்க் கல்லூரியின் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, பென்டியம் கணினி சில வகுத்தல்களைத் தவறாகச் செய்வதைக் கண்டுபிடித்தார். அது ஓவர்கிளாக்கிங்கால் வந்ததல்ல, வடிவமைப்பில் வந்த பிழை. அதைச் சரிசெய்ய இன்டெல் 47.5 கோடி டாலரை ஒதுக்க வேண்டியிருந்தது. விடையைச் சரிபார்க்கும் பழக்கம் உள்ளவர் கையில் கணினி கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது முன்னோட்டம்.

ஓவர்கிளாக்கர்களுக்குக் கிடைத்த சோதனைக் கருவியும் பகா எண் தேடியவர்களிடமிருந்தே வந்தது. 1996 ஜனவரியில் ஜார்ஜ் வோல்ட்மன் என்ற நிரலாளர், மெர்சேன் பகா எண்களைப் பல்லாயிரம் பேரின் கணினிகளில் பகிர்ந்து தேடும் ஜிம்ப்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். அதற்காக அவர் எழுதிய மென்பொருள்தான் ப்ரைம்95.

இதன் அடிப்படை லூகாஸ்-லேமர் சோதனை. சிறிய எண்ணில் கையாலேயே செய்து பார்க்கலாம். 2-இன் 7-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 127. இது பகா எண்ணா? 4-இல் தொடங்க வேண்டும். வர்க்கம் எடுத்து, 2 கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இதை ஐந்து முறை செய்ய வேண்டும். 4, 14, 67, 42, 111, கடைசியில் 0. பூச்சியம் வந்தால் பகா எண்!

இப்போது நடுவில் 42-க்குப் பதில் 43 என்று ஒரு எண் மட்டும் தவறிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 69 வரும், அதற்கடுத்து 60. பூச்சியம் இல்லை. ஒரு பகா எண் "பகா எண் அல்ல" என்று தூக்கி எறியப்பட்டுவிடும். இங்கே ஐந்து படிகள்தான். 1996 நவம்பரில் ஜிம்ப்ஸ் கண்டுபிடித்த முதல் மெர்சேன் பகா எண்ணின் அடுக்கு 13,98,269. அந்த எண்ணுக்கு 4,20,921 இலக்கங்கள். அவ்வளவு பெரிய எண்ணைச் சுமார் 14 லட்சம் முறை வர்க்கம் எடுக்க வேண்டும், ஒரு இடத்திலும் ஒரு பிட்டும் தவறக் கூடாது. வாரக்கணக்கான உழைப்பு ஒரே ஒரு கைதவறலில் வீணாகும். ஆகவே பங்கேற்பவரின் கணினி நம்பகமானதா என்று முதலில் தெரிந்துகொள்வது வோல்ட்மனுக்கு அவசியமாக இருந்தது.

அதற்காகவே ப்ரைம்95-இல் டார்ச்சர் டெஸ்ட் என்ற சித்திரவதைச் சோதனை சேர்க்கப்பட்டது. விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளைக் கணினியிடம் கொடுத்து, வரும் விடையை ஒப்பிட்டுப் பார்க்கும். இதோடு இன்னொரு காவலும் உண்டு. பெரிய எண்களைப் பெருக்க இந்த மென்பொருள் தசமப் புள்ளிக் கணக்கைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு விடையும் ஒரு முழு எண்ணுக்கு மிக அருகில் வந்து நிற்க வேண்டும். 0.4-க்கு மேல் விலகினால் ஏதோ தவறிவிட்டது என்று பொருள். "வட்டமாக்கல் 0.5, எதிர்பார்த்தது 0.4-க்குக் கீழ்" என்ற பொருளில் வரும் அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்து மனம் உடைந்த ஓவர்கிளாக்கர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள்.

இந்தச் சோதனையில் பல வகைகள் வந்தன. சிறிய எஃப்எஃப்டி வகை கேஷுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடி, செயலியை உச்சக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும். கலப்பு வகை நினைவகத்தையும் சேர்த்து வாட்டும். நினைவகத்தை மட்டும் தனியாகப் பார்க்க மெம்டெஸ்ட்86 இருந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யசுமாசா கனடாவின் ஆய்வகம் பை மதிப்பைக் கணக்கிட எழுதிய சூப்பர் பை மென்பொருளும் ஆர்வலர் கைக்கு வந்து சேர்ந்தது. பத்து லட்சம் இலக்கம் எத்தனை வினாடியில் என்பது பந்தயமானது. மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சம் இலக்கம் வரை பிழையின்றி முடிக்கிறதா என்பது சோதனையானது. சூப்பர் பை ஓடி முடித்த கணினி ப்ரைம்95-இல் பத்தாவது நிமிடத்தில் விழுவதும் உண்டு. ஆகவே 24 மணி நேரம் ப்ரைம்95 ஓடினால்தான் நிலையானது என்ற எழுதாத விதி பிறந்தது.

உண்மையில் இந்தச் சோதனை எதுவும் கணினி பிழையற்றது என்று நிரூபிப்பதில்லை. 24 மணி நேரத்தில் பிழை வரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. 25-ஆம் மணி நேரத்தைப் பற்றியோ, மார்கழியில் தேறிய கணினி சித்திரையில் என்ன செய்யும் என்பதைப் பற்றியோ அது வாய் திறப்பதில்லை. பிழையைக் கண்டுபிடிக்கத்தான் சோதனையால் முடியும்.

நிறுவனமே விழுந்த கதை

2000-ஆம் ஆண்டு இன்டெல்லும் ஏஎம்டியும் வேகப் போட்டியின் உச்சத்தில் இருந்தன. மார்ச் 6 அன்று ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் அத்லானை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அறிவித்தது. மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஜூலை 31 அன்று இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ வெளியிட்டது. விலை 990 டாலர். அதே வடிவமைப்பை, அதிக மின்னழுத்தம் கொடுத்து, அதன் எல்லைக்கே தள்ளி எடுத்த வேகம் அது.

ஜெர்மானிய மருத்துவரும், டாம்ஸ் ஹார்டுவேர் என்ற விமர்சனத் தளத்தை நிறுவியவருமான தாமஸ் பாப்ஸ்ட் அதைச் சோதித்தார். லினக்ஸ் கெர்னலைத் தொகுக்கச் சொன்னபோது செயலி முடிக்காமல் விழுந்தது. தொகுத்தல் நல்ல சோதனை என்பது லினக்ஸ்காரர்களுக்கு முன்பே தெரியும். ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து, செயலியையும் நினைவகத்தையும் விடாமல் வேலை வாங்கும் பணி அது. நடுவில் ஒரு முகவரி தவறினால் சிக்னல் 11 என்று சொல்லி நின்றுவிடும். அப்படி நின்றால் முதலில் வன்பொருளைச் சந்தேகி என்பது அவர்கள் அனுபவப் பாடம்.

ஒரு பெரிய நிறுவனத்தின் செயலியைக் குறை சொல்வது சாதாரண விஷயமல்ல. பாப்ஸ்ட் வெவ்வேறு மதர்போர்டுகளில் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஹார்டுஓசிபி தளத்தின் கைல் பென்னட் உள்ளிட்ட மற்ற விமர்சகர்களும் சோதனையில் சேர்ந்தார்கள். கடைசியில் இன்டெல் தன் ஆய்வகத்திலேயே பிழையை வரவழைத்துப் பார்த்து ஒப்புக்கொண்டது. 2000 ஆகஸ்ட் 28 அன்று, வெளியிட்ட ஒரே மாதத்தில், 1.13 கிகாஹெர்ட்ஸ் செயலியைத் திரும்பப் பெற்றது. அந்த வேகத்தில் பென்டியம் 3 மீண்டும் வந்தது 2001-இல், 0.13 மைக்ரான் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்ட புதிய சிப்பாகத்தான்.

இந்தச் சம்பவத்தின் பொருளைக் கவனிக்க வேண்டும். இடைவெளியைத் தின்று வேகம் எடுப்பது பயனரின் வேலையாக இருந்தது. போட்டி வந்ததும் நிறுவனமே அதைச் செய்தது. பெட்டியில் போட்டு விற்கப்பட்ட ஓவர்கிளாக் அது என்று சொன்னாலும் தவறில்லை. அதைப் பிடித்தது, வீட்டில் உட்கார்ந்து செயலிகளை வாட்டி வாட்டிப் பழகிய ஆட்களின் சோதனை முறை.

அறியாமல் மாட்டிக்கொண்டவர்கள்

தன் கணினியைத் தானே ஓவர்கிளாக் செய்தவருக்கு என்ன நேர்ந்தாலும் அது அவர் தலையெழுத்து. மற்றவர்கள்? மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005-இல் எழுதிய ஒரு குறிப்பு இதைத் தொடுகிறது. விண்டோஸ் விழும்போது அனுப்பப்படும் பிழை அறிக்கைகளை ஆராய்ந்த ஒருவர், விழவே முடியாத இடத்தில் விழுந்த அறிக்கைகளைக் கண்டார். ஒரு ரெஜிஸ்டரைப் பூச்சியமாக்கும் கட்டளை அது. நினைவகத்தைத் தொடாது, எதையும் வகுக்காது. அது எப்படித் தவறும்? அந்தப் பயனர்களைத் தொடர்புகொண்டு கேட்டபோது பலரின் கணினிகள் ஓவர்கிளாக் செய்யப்பட்டிருந்தன. அவர்களில் சிலருக்கு அது தெரியவே தெரியாது. விற்ற கடையே அப்படிச் செய்து கொடுத்திருந்தது.

2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சுமார் பத்து லட்சம் கணினிகளின் அறிக்கைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓவர்கிளாக் செய்த கணினிகள் செயலிப் பிழையால் விழும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. குறிப்பிட்ட வேகத்துக்கும் கீழே ஓடிய கணினிகள் மற்றவற்றைவிடக் குறைவாகவே விழுந்தன. ஒருமுறை விழுந்த கணினி மறுபடி விழும் வாய்ப்பும் மிக அதிகம். கான்கிரீட் வரிசையின் கதை பத்து லட்சம் கணினிகளில் அப்படியே நடந்திருக்கிறது.

பூட்டும் சாவியும் ஒரே கடையில்

காலப்போக்கில் நிறுவனங்கள் எதிர்ப்பதை விட்டுவிட்டு விற்கத் தொடங்கின. 2008-இல் வந்த கோர் ஐ7-இல் டர்போ பூஸ்ட் என்ற வசதி வந்தது. வெப்பமும் மின்திறனும் இடம் கொடுத்தால் செயலி தானே தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். 2010-இல் பெருக்கி பூட்டப்படாத 'கே' வகைச் செயலிகளை இன்டெல் கூடுதல் விலைக்குக் கொண்டுவந்தது. 2011-இன் சாண்டி பிரிட்ஜில் பஸ் வேகத்தை ஏற்றும் பழைய வழி ஏறத்தாழ அடைபட்டது. ஓவர்கிளாக் செய்ய வேண்டுமா, அதற்கான செயலியைக் காசு கொடுத்து வாங்கு என்றாகிவிட்டது. செலரான் 300ஏ காலத்தில் பணத்தை மிச்சப்படுத்தச் செய்தது, பணம் உள்ளவர்களின் பொழுதுபோக்காக மாறியது.

சாதனைகள் தொடர்ந்தன. 2011-இல் திரவ ஹீலியத்தால் குளிர்வித்து ஏஎம்டி எஃப்எக்ஸ்-8150 செயலியை 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோனார்கள். 2023-இல் இன்டெல் செயலி ஒன்று 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. அங்கே சில வினாடிகள் உயிரோடு இருந்தால் போதும். நிலைத்தன்மை என்ற பேச்சுக்கே இடமில்லை.

வீட்டுக் கணினிக்கு அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகச் செயலிகள் விளையாட்டுகளில் காரணமின்றி விழுவதாகப் புகார்கள் குவிந்தன. "கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை" என்று செய்தி வரும், ஆனால் நினைவகம் நிறைய இருக்கும். சுருக்கிய கோப்புகளை விரித்து, அவை சரியாக வந்தனவா என்று ஒப்பிடும் இடத்தில்தான் பிழை முதலில் அகப்பட்டது. விடையைச் சரிபார்க்கும் நிரல்தான் இந்த முறையும் திருடனைப் பிடித்தது! செயலி தன் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கி, நாளடைவில் தன்னையே கெடுத்துக்கொள்கிறது என்று இன்டெல் அந்த ஆண்டு ஜூலையில் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தம் வந்தது. உத்தரவாதம் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டப்பட்டது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பைத் திருத்தத்தால் மீட்க முடியவில்லை. ஓவர்கிளாக்கிங் பக்கமே போகாதவர்களும் அதில் இருந்தார்கள்.

1985-இல் ஐபிஎம் போட்ட பூட்டுக்கும் 2024-இல் இன்டெல் தந்த திருத்தத்துக்கும் நடுவில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். படிகம் போய், ஜம்பர் போய், பென்சில் போய், எல்லாம் மென்பொருளாகிவிட்டது. மாறாதது ஒன்றுதான். வேகத்தை யார் வேண்டுமானாலும் பெட்டியின் மேல் அச்சிட்டுவிடலாம். விடை சரியா என்பதை, ஏற்கெனவே விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்து, பொறுமையாக உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். மேஸ்திரி எவ்வளவு வேகமாக விசில் ஊதினாலும், மேலே போய்ச் சேர்ந்த சட்டியில் சாந்து இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.